நான் திருத்தி வாசித்த ஜெபக்குறிப்புகள்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். பள்ளிக்கூடத்தில் அதிபரோடு சண்டை, சந்தையில் மீன்காரரோடு சண்டை, சோதனைச்சாவடியில் என் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்தவனோடுகூட ஒருமுறை சண்டை. "டீச்சர் மூஞ்சிக்கு நேர சொல்லிப்போடுவா" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன். பேச வேண்டிய ஒரேயொரு இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான் என்பது ஊருக்குத் தெரியாது. தெரிந்த பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி செத்துப்போனாள். மற்றவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

எங்கள் ஆலயம் வாவிக் கரையில் இருந்தது. பின்கதவைத் திறந்தால் சதுப்பில் வளர்கிற கண்ணாப் பற்றையும் தண்ணீரும்தான். யுத்தம் தொடங்கி ஆண்கள் தெருவில் நடமாடப் பயந்த பிறகு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பெண்கள் மட்டுமே வந்தோம். கதவோரம் ஒரு பிஸ்கற் தகரம் வைத்திருந்தோம். அதன் மூடியில் கத்தியால் கீறிய வாய். எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதைத் துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே போடலாம். பெயர் எழுதக் கூடாது. பெயர் எழுதிய கடதாசி எந்தப் பக்கத்தாரின் கையில் அகப்பட்டாலும் வினை என்று எல்லோரும் படித்திருந்த காலம் அது.

அந்தத் துண்டுகளை எடுத்து வாசிக்கிற வேலை எனக்கு. நல்ல குரல், நல்ல கையெழுத்து, போதாததற்குத் தமிழ் டீச்சர். கூட்டம் தொடங்க முன்னர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் பிரதிபண்ணுவேன். பிரதிபண்ணும்போது திருத்துவேன். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருந்தால் இன்று நான் இதை எழுத வேண்டியதில்லை. "என்ட மாமி ஒரு பேய், ஆண்டவர் அவக்கு ஒரு முடிவு காட்டோணும்" என்று ஒருத்தி எழுதியிருப்பாள். நான், "ஒரு சகோதரியின் மாமியாருடைய மனமாற்றத்துக்காக" என்று வாசிப்பேன். எல்லோரும் ஆமென் சொல்வார்கள், மாமியார் உட்பட. எங்கள் போதகர் ஐயா என்னை மெச்சிக்கொள்வார். "டீச்சர் வாசிச்சா ஒருத்தர்ட மனமும் நோகாது" என்பார். அது எனக்குப் பெரிய புகழாக இருந்தது, சீ.

ஒரு வெள்ளிக்கிழமை தகரத்துக்குள் மண்ணிறக் கடதாசித் துண்டொன்று கிடந்தது. தையல்காரர்கள் சட்டைக்கு அளவு வரைந்து வெட்டுவார்களே, அந்தக் கடதாசி. ஓரத்தில் நீலச் சோக்கால் இழுத்த கோடுகூட இருந்தது. "என் கணவர் எனக்கு அடிக்கிறார். எப்போதும் காதில் அடிக்கிறார். இடது காது கேட்கிறதில்லை. எனக்காக ஜெபியுங்கள்" என்று எழுதியிருந்தது. எங்கள் சபையில் தைக்கிறவள் ஒருத்திதான். பெயர் எழுதாவிட்டால் என்ன, கடதாசியே பெயர் சொன்னது.

என் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் அவளுடைய வீடு. 'அவளுடைய' என்று அழுத்தித்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவார். அவளுடைய தாய் கூலி வயலில் நின்று சேர்த்துக் கட்டிக் கொடுத்த கல்வீடு அது. முன்னறையில் தையல் மெசின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் பாதி அவள் தைத்ததுதான். பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசினால் வெட்டி எடுத்த மாதிரி இருக்கும்.

அவள் கணவர் யார் தெரியுமா? எங்கள் பாடகர் குழுவின் தலைவர். ஆர்மோனியத்தில் விரல் வைத்தால் சபையே எழும்பி நிற்கும். பொல்லாத மனிதர் என்று சொல்ல ஊரில் ஒரு வாய் கிடையாது. ஊரடங்கு நேரத்தில் என் தகப்பனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது, வெள்ளைத் துணியைத் தடியில் கட்டிக்கொண்டு, சைக்கிள் கரியரில் அவரை இருத்தி ஆஸ்பத்திரிவரை உருட்டிப்போனவர் அவர்தான். என் தகப்பன் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடமும் அந்த மனிதரைக் கண்டால் நான் கதிரையை விட்டு எழும்புவேன்.

இப்போது விளங்கும், அந்த மண்ணிறத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு. முதலில் நம்பவில்லை. பிறகு, நம்பினாலும் இதை எப்படி வாசிக்கிறது என்று யோசித்தேன். கடைசியில், "ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காகவும் செவிச் சுகத்துக்காகவும்" என்று எழுதி வாசித்தேன். ஆமென் என்றார்கள். மூன்றாம் வரிசையில் முக்காட்டோடு முழந்தாளில் நின்றவள் தலையை நிமிர்த்தவில்லை. அவளும் ஆமென் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

அடுத்தடுத்த வெள்ளிகளிலும் துண்டு வந்தது. ஒருமுறை, "போன கிழமை குடையால் அடித்தார்." இன்னொரு முறை, "அடித்துவிட்டு முழந்தாளில் நின்று அழுதார். பிறகும் அடித்தார்." எல்லாமே என் வாயில் குடும்ப சமாதானம் ஆனது. நாலாவது துண்டை எடுத்துக்கொண்டு போதகர் ஐயாவிடம் போனேன். போனதற்குக் காரணம் அவள்மேல் இரக்கமா, என் மனப்பாரத்தை இறக்கிவைக்கிற அவசரமா என்று கேட்டால், இரண்டாவதுதான்.

ஐயா நல்ல மனிதர். கண் கலங்கினார். எங்கள் சபையில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பாரமான ஜெபக்குறிப்பு என்றால் போதகரும் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் பாடி ஜெபிப்பது. காணாமல் போனவரின் வீட்டுக்கும் அப்படித்தான் போனோம், ஆமி அடித்த செல் விழுந்த வீட்டுக்கும் அப்படித்தான் போனோம். ஆகையால் இந்த வீட்டுக்கும் அப்படியே போனோம். அடிக்கிறவரும் அதே வீட்டில்தான் இருப்பார் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனோம். கதிரை போட்டார், சிரித்தார். தானே ஆர்மோனியத்தை எடுத்துவந்து வைத்துப் பாடினார். அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். ஐயா இரண்டு பேருடைய கையையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்துவைத்துவிட்டு, "தம்பி, உங்கட மனுசி பாரத்தோட ஒரு ஜெபக்குறிப்பு எழுதியிருக்கா. குடும்பத்தில சமாதானம் வேணும் எண்டு" என்றார்.

"ஓம் ஐயா" என்றார் அவர் ஆறுதலாக. "எனக்கும் அதுதான் பாரம். நல்லா ஜெபம் பண்ணுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். ஐயா நீளமாக ஜெபித்தார். வெளியே வரும்போது, "பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு பணிவான பிள்ளை" என்றார். நானும் ஓம் என்றேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தா. எங்கள் வேதக்காரி இல்லை. வருடா வருடம் மண்டூர் முருகன் கோயிலுக்கு நேர்ந்து நடந்து போகிறவ. அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தெருவில் குறுக்கே வந்து நின்றா.

"டீச்சர், நேத்து என்னகா அந்த வீட்டுக்குப் போய்ச் செய்தீங்க?"

"ஜெபம் பண்ணினோம் அக்கா."

"நல்ல ஜெபம். நீங்க ஒழுங்கை தாண்டல்ல, கதவைச் சாத்தினான். ஏன் எழுதினாய், ஏன் எழுதினாய் எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சான். நான் வேலியப் பிரிச்சுப் போய் அவளை இழுத்து வந்து என்ட குசினிக்குள்ள வச்சிருந்தன். காதால ரெத்தம் டீச்சர். இனி அந்த வீட்டுக்குப் போறதெண்டா என்னட்டக் கேட்டுட்டுப் போங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆர்மீது? அந்த அக்காமீது! எங்கள் சபை விசயத்தில் நீ ஏன் தலையிடுகிறாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மணி அடித்துவிட்டதால் கேட்காமல் போனேன். அந்த அளவுக்காவது ஆண்டவர் என்னைத் தடுத்தார்.

ஐயாவிடம் மறுபடி சொன்னேன். "வெளியில இவ்வளவு அநியாயம் நடக்கக்குள்ள, நாமளே நம்மட சபைக்குள்ள ஒரு குடும்பத்தப் பிரிச்சா சனம் என்ன சொல்லும் டீச்சர்? கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிலுவை இரிக்கு. இது அவட சிலுவை" என்றார். ஏலாக்கட்டத்தில் கொஞ்ச நாள் என் வீட்டில் வந்து இருக்கலாம் என்றும் சொல்லச் சொன்னார். நான் தபால்காரன் மாதிரி இரண்டையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

மெசினை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக் கேட்டாள். அப்போது ஏற்கெனவே வலது பக்கத்தைத் திருப்பித்தான் கேட்பாள்.

"ஆண்டவர் தானாப் போய்ச் சுமந்தார் டீச்சர். என்னை ஆரும் கேக்கல்லயே" என்றாள். பிறகு, "நான் ஏன் உங்கட வீட்ட வந்து இரிக்கோணும்? இது எங்கட அம்மா எனக்குத் தந்த வீடு. அவர் வெளிய போகட்டும். சபையால ஒரு கடிதம் எழுதிச் சொல்லுங்க, போவார். அவருக்கு மரியாததான் பெருசு. நான் சொன்னாக் கேக்கமாட்டார். நீங்க எழுதினாக் கேப்பார்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு கடிதம். அந்த மனிதர் வீட்டை விட்டுப் போகவேண்டும், மிஞ்சியிருக்கிற ஒரு காதாவது தப்பவேண்டும்.

காது என்றால் அந்த நாளில் சும்மா இல்லை. ஆமி முகாமில் செல் ஏவுகிற சத்தம் கேட்டால் விழ முன்னர் தரையில் படுப்போம். ஹெலி வருகிற திசையைக் காதால்தான் அறிவோம். நாய் குரைக்கிற விதத்தை வைத்தே சுற்றிவளைப்பா, வெறும் ரோந்தா என்று சொல்லுவோம். காவலரணில் நில் என்று கத்தினால் அந்த இடத்திலேயே காலை ஊன்ற வேண்டும். கண் தெரியாதவன்கூட அந்தக் காலத்தில் பிழைத்துக்கொண்டான். காது கேளாதவள் எப்படிப் பிழைப்பாள்? இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் 'பார்ப்போம்' என்றேன்.

அதற்கிடையில் ஒரு சுற்றிவளைப்பு வந்தது. ஊர் ஆண்களை வாசிகசாலைக்கு முன்னால் இருத்தி, முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்குக் காட்டினார்கள். மற்றவர்களை விட்டுவிட்டு ஒன்பது பேரை ஏற்றிப்போனார்கள். அதில் அவள் கணவரும் ஒருவர். எங்கள் சபை துடித்துப்போனது. நான் அன்றே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். முகாம் வாசலில் வெயிலில் நாங்கள் முப்பது பெண்கள் குந்தியிருந்தோம். அவரை விடச்சொல்லி மேலிடங்களுக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. இந்த விசயத்தில் எங்களுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை, அவ்வளவு பழக்கம். என்ன கிழமை, எத்தனை மணி, எந்த இடம், என்ன நிற வாகனம். நீலக் கோட்டுச் சாரம், வெள்ளைப் பெனியன். வலது முழங்காலில் பழைய தழும்பு. இரக்க குணமுள்ளவர், நோயாளியைச் சைக்கிளில் ஏற்றிச் சென்று காப்பாற்றியவர். ஒரு சொல்லைக்கூட நான் மழுப்பவில்லை. மழுப்பினால் ஆளைத் தேட முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மனைவியின் கையெழுத்து வேண்டுமென்று அவள் வீட்டுக்குப் போனேன். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துத்தான் போனேன். அவள் சட்டைக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு தலை வாரிப் பின்னியிருந்தாள்.

"நாலு நாளா நான் படுத்து நித்திரை கொள்றன் டீச்சர்" என்றாள்.

"ஐயோ, அப்பிடிச் சொல்லாத புள்ள. ஆண்டவருக்கு அடுக்காது."

கடிதத்தை வாங்கி ஆறஅமர வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். "நான் கையெழுத்து வைக்காட்டி அவரைக் கொன்னுபோடுவாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். உடனே வைத்தாள். அவர் சாகவேண்டும் என்று அவள் ஒரு நாளும் நினைத்தவள் இல்லை, தன் வீட்டில் தனியே இருக்க ஆசைப்பட்டவள். பேனையைத் திருப்பித் தரும்போது, "எவ்வளவு வடிவா எழுதியிருக்கீங்க. எத்தின மணி, என்ன உடுப்பு, எல்லாம் இரிக்கு. எனக்கும் இப்பிடி ஒண்டு எழுதித் தாங்களன் டீச்சர். எந்த நாள் அடிச்ச, எதால அடிச்ச, எந்தக் காதில அடிச்ச எண்டு. அதுக்கும் கையெழுத்து வைக்கிறன்" என்றாள்.

"முதல்ல அவர் வரட்டும் புள்ள. வந்த பிறகு எழுதுவம்."

"சத்தியமா?"

"ஓம் புள்ள, எழுதுவன்."

பன்னிரண்டாம் நாள் அவரை விட்டார்கள். முதுகெல்லாம் கன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். அவர் எழும்பிச் சாட்சி சொன்னார். சபை தன்னைத் தேடி வந்தது என்று சொன்னார். ஆராதனை முடிந்து சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். பெண்கள் குரல் வைத்து அழுதோம், நானும்தான். உண்மையாகவே அழுதேன், அந்த முதுகைக் கண்டால் கல்லும் அழும். முறை வைத்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனோம், எண்ணெய் கொண்டுபோனோம். காயம் என்றால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் சபைக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் தெரிந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் முக்காட்டைக் காதுவரை இழுத்து மூடிக்கொண்டு நின்றவளின் முக்காட்டை ஒருவரும் விலக்கிப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழிந்து ஆலய வாசலில் என்னைப் பிடித்தாள். "டீச்சர், கடிதம்" என்றாள்.

"பாவம் புள்ள, அந்த மனுசன் அடிபட்டு வந்திருக்கார். இப்ப போய் எப்பிடி எழுதுற? கொஞ்சம் பொறு."

"அங்க அவருக்கு விழுந்ததெல்லாம் இஞ்ச எனக்கு விழுது டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சட்டை அளவு சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அடுத்த வெள்ளி கடைசித் துண்டு வந்தது. "இப்போது மற்றக் காதும் போகிறது. ஜெபம் வேண்டாம். கடிதம் எழுதுங்கள்." கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். எழுதினால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன், தகப்பனார் என்ன சொல்வார், ஐயா என்ன சொல்வார், சபை இரண்டாக உடைந்துபோகுமோ, இப்படி எல்லோரையும் நினைத்தேன். அவள் ஒருத்தியைத் தவிர. கூட்டம் தொடங்கிவிட்டது. எழும்பி, "ஒரு சகோதரியின் செவிச் சுகத்துக்காக" என்று வாசித்தேன்.

அவளுக்கு நான் வாசித்தது கேட்டிருக்காது. ஆனால் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுதியது எவ்வளவு நீளம், என் வாய் அசைந்தது எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆமென் என்று எல்லோரும் சொன்னபோது அவள் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த புதன்கிழமை காலை, தைத்த சட்டைகளைப் பார்சல் கட்டிக்கொண்டு வாவிப் பக்கத்துத் தெருவால் நடந்து போயிருக்கிறாள். முதல் நாள் அந்தத் தெருவில் ஏதோ நடந்து, அன்று போக்குவரத்தை மறித்திருந்தார்கள். காவலரணில் நின்றவன் நில் என்று கத்தினான். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். வயல் வட்டைக்குள் நெல் வெட்டிக்கொண்டு நின்றவர்களுக்கே கேட்டதாம், அவ்வளவு தூரத்தில் அவர்கள் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்களாம். அவள் பாட்டுக்கு நடந்தாள். சுட்டான்.

நான் போனபோது அவளை ஒரு பாயால் மூடியிருந்தார்கள். பார்சல் பிரிந்து வெள்ளைச் சட்டைகள் தெருவில் கிடந்தன. என் வகுப்புப் பிள்ளைகளின் சட்டைகள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் தூசி தட்டி மடித்தேன். வேறென்ன செய்கிறது என்று தெரியவில்லை.

மரண விசாரணை ஆஸ்பத்திரியில் நடந்தது. விசாரணை அதிகாரி களைத்துப்போன ஒரு மனிதர், அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது பிரேதம். "மூண்டு தரம் சொல்லியும் ஏன் நிக்கல்ல?" என்று கேட்டார். காது கேட்காது என்றோம். "எப்ப இருந்து கேக்காது?"

அவர்தான் பதில் சொன்னார், கணவர். அழுது கண் சிவந்திருந்தது. "சின்ன வயசில காய்ச்சல் வந்து போனது ஐயா." போதகர் ஐயா நிலத்தைப் பார்த்தார். அதிகாரி பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க அயல்தானே. அப்பிடித்தானா?"

கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டு அக்கா நின்றா. உறவு இல்லையென்று அவவை உள்ளே விடவில்லை. பொலிஸ்காரனின் தோளுக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும்.

"ஓம்" என்றேன்.

அந்த அக்கா திரும்பிப் போய்விட்டா. அதற்குப் பிறகு தெருவில் கண்டால் மற்றப் பக்கமாக நடப்பா. நான் சாகிற அன்றைக்கும் அவவுடைய முகம் எனக்கு முன்னால் நிற்கும்.

அடக்க ஆராதனையில் கணவர்தான் பாட்டை எடுத்துக் கொடுத்தார். நான் கடிதம் எழுதினேன். ஓம், அப்போது எழுதினேன்! போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போன கண்டனக் கடிதம். கிழமை, மணி, இடம், உடுத்திருந்த சேலையின் நிறம், சுட்டவன் நின்ற தூரம். "சிறு வயது முதல் செவிப்புலன் குறைந்த அப்பாவிப் பெண்" என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அவளைப் பற்றி நான் கடைசியாகச் செய்த திருத்தம் அது. சுட்டவன் செய்தது கொலைதான், அதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் அவளுடைய காதை அடைத்தவர் யார், அது தெரிந்தும் ஆமென் சொல்லவைத்தவள் யார் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. யுத்தம் எங்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

மூன்றாம் வருடம் அவருக்கு வேறு ஊரில் பெண் பேசினார்கள். அங்கேயும் வழக்கப்படி பெண்ணின் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளையாகப் போகவேண்டும். சபையால் நற்சாட்சிப் பத்திரம் வேண்டும் என்று கேட்டார்கள். ஐயா என்னிடம் வந்தார், உங்கட கையெழுத்தெண்டா வடிவு என்றார். நான் எழுதமாட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அவரே எழுதிக் கொடுத்தார். அந்த ஊருக்கு ஒரு பஸ் ஏறிப்போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிஸ்கற் தகரம் சில வருடம் சும்மா கிடந்தது. புதிதாக வந்த போதகர் அதை மறுபடி கதவோரம் வைத்துவிட்டு, வாசிக்க என்னைக் கேட்டார். எழுதியிருக்கிறபடிதான் வாசிப்பேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அடி என்று எழுதினால் அடி என்று வாசிப்பேன். எழுதியவள் ஆரென்று தெரிந்தால் முதலில் நான் தனியே போய் அவளைக் கேட்பேன், உனக்கு என்ன வேண்டும் என்று. அவள் சொல்லாமல் ஒருவரும் அந்த வீட்டுக்குப் பாட்டுப் பாடப் போகக் கூடாது. நம்முடைய ஆண்டவர் குருடனைச் சுகமாக்க முன்னர், உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அப்படித்தான் கேட்டார் என்று ஓய்வுநாள் பாடசாலையில் இருபது வருடம் படிப்பித்தவள் நான். தையல்காரியோ நான் கேளாமலே என்னிடம் சொன்னாள், கடதாசியில் எழுதியும் சொன்னாள்.

பிறகு இன்னொருத்தி, புருசன் அடிக்கிறான் என்று எழுதினாள். எழுதியபடியே வாசித்தேன், அவள் கேட்டபடி சபையால் கடிதமும் போனது. அவளுடைய வீட்டில் அவள் இருந்தாள், அவன் தாய் வீட்டுக்குப் போனான். அவன் பக்கத்து ஆட்கள் சபையை விட்டுப் போனார்கள், போகட்டும் என்று விட்டோம். அதை ஒரு சாட்சியாக எழும்பிச் சொல்லுங்கள் டீச்சர் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. முதலாவது ஆளுக்குச் செய்யவேண்டியதை இரண்டாவது ஆளுக்குச் செய்துவிட்டு என்ன சாட்சி?

அந்த மண்ணிறத் துண்டுகளை நான் எறியவில்லை. கொப்பிக்குள் இருக்கின்றன, நீலச் சோக்குக் கோடு இன்னும் அழியவில்லை. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதுவேன் என்று சொன்ன கடிதத்தை இப்போது எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், போதகரும் நானும் இன்னொருவரும் ஜெபித்துவிட்டு ஒழுங்கையைத் தாண்ட முன்னர். இடம், அவளுடைய வீட்டு முன்னறை, தையல் மெசினுக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவில். அவர் உடுத்திருந்தது வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமும், ஆலயத்துக்கு உடுத்ததே. அடித்தது கையால், அவளுடைய இடது காதில், பலமுறை, பக்கத்து வீட்டு அக்கா சாட்சி. அதற்கு முன்னர் குடையால். அதற்குப் பிறகு, முகாமால் வந்த பின்னர், மற்றக் காதிலும். அவளுக்குச் சிறு வயதில் காய்ச்சல் வந்து காது போனதில்லை. இது எனக்குத் தெரியும். போதகருக்குத் தெரியும். கேட்டபோது நான் ஓம் என்று பொய் சொன்னேன்.

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அவள் கையெழுத்து வைக்கிறேன் என்று சொன்ன இடம். என்னுடையதை வைக்கிறேன்.